ஒளிப்படமும் சிற்பமும்: சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி

சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற ஆங்கிலேய அரசின் மருத்துவர் சொந்த முயற்சியில் தொடங்கிய கலைப்பள்ளியின் வழிவந்தது. அடுத்த ஆண்டே தொழிற்கலைப் பிரிவும் சேர்ந்தது. அதே பத்தாண்டில் அரசு பள்ளியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இந்தியாவின் மிகப் பழைய கலைப்பள்ளிகளுள் ஒன்றான இக்கல்லூரியின் வரலாறு பெரும்பாலும் ஓவியர், சிற்பிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதனால், இன்று கலைக் கல்லூரிக் காட்சிக்கூடங்களில் சிற்பத்தின் அருகே ஒளிப்படம் இடம்பெற்றால், நேற்று வந்த விருந்தாளிக்கு இடம் கொடுத்ததாகப் பலர் கருதுகிறார்கள். சான்றுகள் இதற்கு எதிராக இருக்கின்றன. இங்கே ஒளிப்படக் கலை பள்ளியின் தொடக்க ஆண்டுகளிலேயே வேரூன்றியது. சிற்பத்தோடு அதற்கிருந்த உறவும் அப்போதே தொடங்கிவிட்டது.

1850களின் நடுவில் ஹன்ட்டர் பள்ளியில் ஒளிப்படப் பயிற்சியைச் சேர்த்தார். 1856-57 அளவில் சென்னையில் உருவான ஒளிப்படக் கழகத்தை அமைத்தவர்களிலும் அவர் முக்கியமானவர். 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857-58இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை எனப் பயணம் செய்து கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, ஒரே நீள்படமாக இணைத்தார். ஆனால் நமக்கு இங்கே மிகவும் வேண்டியது அவர் 1858இல் செய்த வேலை. வால்ட்டர் எலியட் அகழ்ந்தெடுத்து, அப்போது சென்னை அருங்காட்சியகத்தில் கிடந்த அமராவதி பௌத்தச் சிற்பங்களை அவர் வரிசையாகப் படம்பிடித்தார். அடுத்த ஆண்டே அந்தச் சிற்பங்கள் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை இந்த ஊரில் இருந்த நாள்களுக்குக் கண்கண்ட சாட்சியாக எஞ்சியது டிரைப்பின் படத்தொகுப்பு. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் செலவைக் காரணம் காட்டி அரசின் ஒளிப்படப் பணியை நிறுத்திவிட்டார். ஆயினும் கலைப்பள்ளியில் அத்தொழில் அற்றுப்போகவில்லை. டிரைப்பிடம் உதவியாளராக இருந்த சி. ஐயாசாமி பின்னர் பள்ளிக்காகப் படமெடுத்தார். தமிழக ஒளிப்பட வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத பெயர் அது.

அவையெல்லாம் ஆவணங்கள், ஆட்சியாளரின் தேவைக்காக எடுத்தவை, அவற்றைக் கலை என்று எப்படிக் கொள்வது என்று கேட்கலாம். கேள்வியின் முதற்பாதி உண்மை. ஆனால் அதே காலத்தில் அதே பள்ளியில் சிற்பத்தின் நிலை என்ன? களிமண் வார்ப்பு, சுடுமண் அணிவேலை, கட்டடங்களுக்கான அலங்காரம் என அதுவும் தொழிற்பயிற்சியாகவே கற்பிக்கப்பட்டது. பள்ளியில் பணியாற்றிய ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் 1898 அளவில் அலுமினியப் பாத்திரத் தயாரிப்பையே அங்கு தொடங்கினார். பட்டறையில் பிறந்த சிற்பம் பிறகு கலையாக வளர்ந்ததை நாம் ஒப்புக்கொள்கிறோம். அதே பட்டறையில் பிறந்த ஒளிப்படத்துக்கு மட்டும் பிறப்பைக் காரணம் காட்டித் தகுதியை மறுப்பது நேர்மையாகாது.

எந்திரம் எடுப்பது, எத்தனை படிகளும் போடக்கூடியது என்பது அடுத்த தடை. 1929இல் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையை இதற்கு விடையாகப் பார்க்கலாம். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட அந்த வெண்கலத் தொகுதியின் இன்னொரு வார்ப்பு டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்து வளாகத்தில் நிற்கிறது. அச்சில் வார்த்ததால் அதன் மதிப்பு குறைந்ததாக எவரும் சொல்வதில்லை. சிற்பியின் கை களிமண்ணில் எடுத்த முடிவுகளே வெண்கலத்தில் நிலைக்கின்றன. ஒளிப்படக்காரர் நிற்கும் இடம், காத்திருக்கும் வெளிச்சம், வெட்டும் விளிம்பு ஆகியவை அத்தகைய முடிவுகள்தாம்.

ராய் சௌத்ரிக்குப் பின் 1957 முதல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சென்னை இயக்கத்தில் ஒளிப்படம் ஓரத்துக்குப் போனது என்பதை மறுக்க முடியாது. எஸ். தனபால், பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரால் சிற்பம் அந்த இயக்கத்தின் தனிப்பெருமையாக உயர்ந்தது. 1966இல் சோழமண்டலக் கலைக்கிராமம் அமைந்தபோதும் முன்னணியில் நின்றவர்கள் ஓவியரும் சிற்பிகளுமே. ஆனால் அந்தச் சிற்பங்களையே உற்றுப் பாருங்கள். ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து ஆக்கிய உருவங்கள் பெரும்பாலும் எதிரே நின்று பார்ப்பதற்கானவை. சுற்றிவரும் பருமனைவிட முகப்பின் கோட்டுக்கும் பரப்புக்கும் அவர் முதலிடம் தந்தார். பார்வையாளரை ஓரிடத்தில் நிறுத்தும் இந்தச் சிற்பம் படத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டது. அதன் பக்கத்தில் ஒளிப்படத்தை மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

இந்த உறவை அண்மையில் வெளிப்படையாகக் காட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த என். புஷ்பமாலா. பரோடாவில் சிற்பம் பயின்று, சுடுமண் உருவங்கள் செய்தவர், 1990களில் ஒளிப்படத்துக்கு வந்தார். கிளேர் ஆர்னியுடன் 2000-2004இல் உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் படவரிசையில், காலனிய இனவரைவுப் படங்களின் தோற்றங்களைத் தன் உடலிலேயே ஏற்று நடித்து, அந்தப் பழைய படங்களின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டார். 2019இல் நடந்த சென்னை ஒளிப்பட ஈராண்டு விழாவைத் தொகுத்தவரும் அவரே; 2016இல் தொடங்கிய அவ்விழாவின் இரண்டாம் பதிப்பு அது. சிற்பியின் பயிற்சி அவர் படங்களில் உடல் நிற்கும் விதத்திலும் அரங்கின் அமைப்பிலும் தெரிகிறது.

டிரைப் படமெடுத்த தொகுதியில் பெரும்பகுதி லண்டனில் இருந்தாலும், அமராவதிச் சிற்பங்களின் இன்னொரு பெரிய பகுதி கல்லூரிக்கு அருகே, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லூரியும் அருங்காட்சியகமும் கைகோத்து 1858ஆம் ஆண்டுப் படங்களின் படிகளையும் அந்தக் கற்களையும் மாணவர்களின் புதிய ஒளிப்படங்களையும் சிற்பங்களையும் ஒரே கூடத்தில் வைக்க வேண்டும்.