பெருந்தொற்றுக் காலமும் பல் மருத்துவ முதுநிலை மாணவர்களும்

ஆனைமலை, பொள்ளாச்சி மக்கள் குறைந்த செலவில் பல் சிகிச்சை பெறச் செல்லும் இடங்களில் கோவை வட்டாரப் பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. அங்கே சிகிச்சை தருபவர்களில் பலர் எம்.டி.எஸ். மாணவர்கள். அதாவது பி.டி.எஸ். முடித்து, ஒரு துறையில் நிபுணராவதற்காக மூன்றாண்டுகள் பயிற்சி பெறுபவர்கள். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும் இவர்களின் செய்முறைப் பயிற்சி பெருமளவு நின்றுபோனது.

பல் மருத்துவத்தில் ஏன் இவ்வளவு பாதிப்பு?

பல்லைக் குடையும் ஏரோட்டர் கருவி நிமிடத்துக்கு லட்சக்கணக்கான முறை சுழலும். சூடு தணியத் தண்ணீரைப் பீய்ச்சும். அது எச்சிலோடு கலந்து நுண்துளிகளாகக் காற்றில் பரவும். மருத்துவரின் முகமோ நோயாளியின் வாய்க்கு மிக அருகில் இருக்கும். எனவே 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் தந்த வழிகாட்டுதலில், சிவப்பு மண்டலங்களில் அவசர சிகிச்சை மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

பயிற்சியில் விழுந்த இடைவெளி

பாடங்கள் ஆன்லைனில் நடந்தன. ஆனால் வேர் சிகிச்சையைத் திரையில் பார்த்துக் கை பழகாது. கல்லூரிகளுக்கு நோயாளிகள் வருவது பஸ்ஸிலும் கிராம முகாம்கள் வழியாகவும்தான். முகாம்கள் நின்றன. மாவட்டங்களுக்கு இடையிலான பஸ்கள் மாநிலம் முழுவதும் 2020 செப்டம்பர் 7-ல்தான் மீண்டும் ஓடின. பல் கம்பி போட்டவர்களுக்கு மாதந்தோறும் செய்ய வேண்டிய திருத்தம் தள்ளிப்போனது. ஆய்வேட்டுக்குத் தேவையான நோயாளிகளும் கிடைக்கவில்லை.

2021 மே இறுதியில் அன்றாடப் புதிய தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. அதே மாதம் கருப்புப் பூஞ்சையைத் தமிழக அரசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அந்நோயால் மேல்தாடை அகற்றப்பட்டவர்கள் உண்ணவும் பேசவும் அண்ணத்தை மூடும் செயற்கைத் தகடு வேண்டும். அதைச் செய்து தருவது பல் மருத்துவர்களே. ஒருபுறம் வழக்கமான பயிற்சி குறைய, மறுபுறம் இப்படிப் புதிய பொறுப்பு வந்தது.

மனதின் சுமை

தொற்று அச்சம், வீட்டு முதியவர்களுக்குப் பரப்பிவிடுவோமோ என்ற கவலை, முழுக் கவச உடைக்குள் வியர்வையில் நனைந்த நேரங்கள், குறையாத கட்டணம், எப்போது நடக்கும் என்று தெரியாத தேர்வு. எல்லாவற்றுக்கும் மேல், "கை பழகாமல் நிபுணர் பட்டமா?" என்ற உறுத்தல். இதை வெளியே சொல்வதும் எளிதல்ல. ஆய்வேட்டில் கையொப்பமிட வேண்டிய பேராசிரியரிடமே "எனக்கு முடியவில்லை" என்று எந்த மாணவர் சொல்வார்?

செய்ய வேண்டியவை

இழந்த பயிற்சியைத் துறைவாரியாகக் கணக்கிட்டு ஈடுசெய்ய வேண்டும். மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத மனநல ஆலோசகர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். பெற்றோர்களே, "டாக்டருக்கு என்ன கவலை?" என்று பிள்ளைகளின் வாயை அடைத்துவிடாதீர்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

மனம் தளர்ந்த, கை பழகாத மருத்துவரால் நாளை பாதிக்கப்படப் போவது அந்த நாற்காலியில் உட்காரும் ஏழை நோயாளிதான். எனவே இது மாணவர்களின் பிரச்சினை மட்டுமல்ல, நம் எல்லோருடைய பிரச்சினையும்கூட.