உடைந்த குளக்கட்டின் மேல்

வன்னிக் காட்டினுள் உடைந்த குளமொன்றைத் தேடிச் செல்பவனுக்கு முதலில் கட்டுத் தெரிவதில்லை. பாலையும் வீரையும் வளர்ந்த நீண்ட மண்மேடே தெரிகிறது. அதன்மேல் நடந்து செல்கையில் மேடு திடீரென அறுந்துபோகிறது. வெள்ளம் தோண்டிய பள்ளம். சிதறிய துருசுக் கற்கள். வயல் இருந்த இடத்தில் முட்காடு.

இதனை உடைத்தது வெள்ளமே என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் மாரி ஆண்டுதோறும் வந்தது. கட்டு ஆண்டுதோறும் உடையவில்லையே! மண்கட்டைக் கறையான் துளைக்கும், மரவேர் பிளக்கும், கசிவு வழி தேடும். சில கூடை மண்ணால் அடைபட வேண்டிய துளை, கவனிப்பாரற்றுப் போனால் ஊரையே அழித்துவிடும்.

அக்கூடையைச் சுமந்தவர் யார்? பெயரற்ற குடிமக்கள். போரும் காய்ச்சலும் அவர்களைக் கலைத்தபோது வன்னியின் பெருங்குளங்கள் காடாயின. இலங்கையின் பிற பகுதிகளில் எஞ்சிய குளங்களை இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் காத்து வந்தது. அக்கொடுமையை 1832இல் ஆங்கில ஆட்சி ஒழித்தது நியாயமே. எனினும் அதனோடு பிணைந்திருந்த ஊர்ப்பொறுப்பின் இடத்தில் அது வேறெதையும் வைக்கவில்லை. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டமே பழைய ஊர்வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. வன்னிக்குத் தென்கிழக்கே, திருகோணமலை மாவட்டத்திலுள்ள கந்தளாய்க் குளம் அரசாங்கத்தின் பொறுப்பிலிருந்த பெருங்குளம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில், ஊர் உறங்குகையில், அதன் கட்டு உடைந்தது. 120க்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியமையும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. கட்டின்மேல் எது ஓடலாம் என்று தீர்மானிப்பவர் ஓரிடத்தில். கட்டின்கீழ் உறங்குபவர் வேறிடத்தில். இந்த இடைவெளியும் ஓர் உடைப்பே அன்றோ?

வவுனிக்குளத்தைப் பாருங்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், மகாவம்சம் குறிப்பிடும் பேளிவாபி இதுவே எனக் கருதினார். நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த அக்குளம் 1950களில் மீண்டும் கட்டப்பட்டது. காணியற்ற விவசாயிகள் அதன்கீழ்க் குடியேறினர். 2008இல் போர் அவர்களையும் பெயர்த்தெறிந்தது. போர் முடிந்த பின்னர் அவர்கள் திரும்பி வந்தனர்.

திரும்பி வந்தவரே குளத்தின் உண்மையான காவலர். கசிவை முதலில் காணும் கண் கமக்காரனுடையது. அவன் சொல்லுக்கு அதிகாரம் கிடைக்கும் நாளிலேதான் கட்டு உறுதிபெறும்.