இந்திய நியூட்ரினோ ஆய்வகம்

இந்திய நியூட்ரினோ ஆய்வகம் என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் பொட்டிபுரத்தை அடுத்துள்ள போடி மேற்கு மலையில் அமைக்கத் திட்டமிடப்பட்ட நிலத்தடி அடிப்படைத் துகள் இயற்பியல் ஆய்வகம் ஆகும். நடுவண் அமைச்சரவை 2015 சனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் இது நிறைவேறவில்லை.

பின்னணி

நியூட்ரினோ மின்சுமையற்ற, மிகச் சிறிய நிறையுடைய அடிப்படைத் துகள் ஆகும். இது பிற பொருள்களுடன் மிக அரிதாகவே வினைபுரிகிறது. ஆகவே, அண்டக் கதிர்களின் ஏனைய துகள்களைப் பாறை தடுத்துவிடும் ஆழத்தில் இதனை ஆராய்வது ஏற்றது. கருநாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவு செய்யப்பட்டன. இவை உலகின் முதற் பதிவுகளுள் அடங்கும். அங்கு ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் முடிவுற்றன.

நோக்கம்

மூவகை நியூட்ரினோக்களும் ஒன்று மற்றொன்றாக மாறுகின்றன. இதனால் அவற்றிற்கு நிறை உண்டு என்பது உறுதியானது. இக்கண்டுபிடிப்புக்கு 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்மூன்று நிறைகளின் ஏறுவரிசை எது என்பதைக் கண்டறிவதே இவ்வாய்வகத்தின் முதன்மை நோக்கம் ஆகும்.

இதற்கென 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு உணர்கருவி வடிவமைக்கப்பட்டது. காந்தப்புலத்தில் மியூவான்கள் வளையும் திசையைக் கொண்டு நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் பிரித்தறியலாம். புவியின் ஊடாக வரும்போது இவ்விரண்டும் வெவ்வேறு அளவில் மாறுவதால், அவ்வேறுபாடு நிறை வரிசையைக் காட்டும். இக்கருவியின் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி மதுரையில் 2018 முதல் இயக்கப்பட்டது.

எதிர்ப்பு

முதலில் தேர்ந்த நீலகிரி மாவட்டச் சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்திற்கு அருகில் இருந்ததால் 2009இல் கைவிடப்பட்டது. தேனியில், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்திற்கான வெடிப்புகள் மேற்குத் தொடர்ச்சி மலையையும் நீராதாரங்களையும் பாதிக்கும் என மக்களும் சூழலியல் ஆர்வலர்களும் எதிர்த்தனர். இயற்கையான நியூட்ரினோக்கள் மட்டுமே ஆராயப்படும், கதிர்வீச்சு ஆபத்து இல்லை என அறிவியலாளர்கள் விளக்கினர். எனினும் மலையைக் குடைவது பற்றிய அச்சம் நீடித்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது; 2018இல் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

எதிர்காலம்

இதே கேள்விக்கு விடை தேடும் சீனாவின் சூனோ ஆய்வகம் 2025 ஆகத்தில் தரவு சேகரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் டியூன், சப்பானின் ஐப்பர்-காமியோகாண்டே ஆகியனவும் உருவாகி வருகின்றன. எனவே நிறை வரிசையை முதலில் அறியும் வாய்ப்பு இந்தியாவிடமிருந்து விலகிச் செல்கிறது. ஆயினும் வளிமண்டல நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் தனித்தனியே பிரித்தறியும் பெரிய காந்தக் கருவி, பிறர் கண்ட முடிவை வேறொரு வழியில் சரிபார்க்க உதவக்கூடும்.