காவல் நின்ற ஆட்டக்காரர் லிலியன் துராம்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பிரெஞ்சு நாட்டுக் கால்பந்தாட்டக்காரர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அவருடைய ஆட்டத்தைக் காட்டிலும், சிறுவனாக இருந்தபோது தம் தாயாரிடம் அவர் கேட்ட ஒரு கேள்வியே என்னை இதனை எழுதத் தூண்டிற்று.

லிலியன் துராம் 1972ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள், கரீபியக் கடலில் பிரான்சுக்கு உட்பட்ட குவாடலூப் தீவில் பிறந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்ட மக்கள் அடிமைகளாய்க் கரும்புத் தோட்டங்களில் உழைத்த மண் அது. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியனின் ஆட்சி அதனை மீண்டும் நிலைநாட்டியது. எதிர்த்துப் போரிட்ட லூயி டெல்கிரெசும் தோழர்களும் அடிபணிய மனமின்றி, வெடிமருந்துக்குத் தீயிட்டுத் தம்மை மாய்த்துக்கொண்டனர். 1848இல்தான் விடுதலை நிலைபெற்றது.

தனியொருத்தியாய் ஐந்து பிள்ளைகளை வளர்த்த துராமின் தாயார் பிழைப்பு நாடிப் பாரிஸ் பகுதிக்குச் சென்று துப்புரவுப் பணியில் அமர்ந்தார். 1981இல் பிள்ளைகளும் அங்குச் சென்று சேர்ந்தனர். அந்நாளில் தொலைக்காட்சியில் ஒரு சித்திரப் படம் ஓடியது. அதில் இரண்டு பசுக்கள். வெள்ளைப் பசு அறிவுள்ளது, கறுப்புப் பசு மந்தமானது. வகுப்பிலிருந்த மாணவர் சிலர் துராமைக் கறுப்புப் பசுவின் பெயரால் அழைத்தனர். ஏன் இப்படி அழைக்கிறார்கள் என்று அவர் தாயாரைக் கேட்டார். உலகம் அப்படித்தான், அது மாறாது என்பதே தாயாரின் விடை. அந்த விடை தமக்குப் போதவில்லை என்று துராம் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

நான் பயின்ற பள்ளியில் உதவித்தொகைப் படிவம் வரும் நாளன்று நம் பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். அன்று மாலை நான் கேட்டதற்கு என் தாயார் தந்த விடையும் ஏறக்குறைய இதுவே.

மொனாக்கோ கழகத்தில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய துராம், 1996இல் இத்தாலியின் பார்மா கழகத்துக்கும், 2001இல் யுவெண்டஸ் கழகத்துக்கும், 2006இல் பார்சிலோனாவுக்கும் சென்றார். பார்மாவுடன் 1999இல் யூஃபா கோப்பையை வென்றார். காவல் ஆட்டக்காரரின் பெயர் செய்தித்தாளில் பெரும்பாலும் அவர் தவறிழைத்த மறுநாளில்தான் வரும். தடுத்த பந்துகளை யார் கணக்கெடுக்கிறார்கள்?

1998 ஜூலை 8 அன்று நடந்த உலகக் கோப்பை அரையிறுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாரிசை அடுத்த சான் தெனியில் பிரான்சும் குரோஷியாவும் மோதின. பிற்பாதி தொடங்கியதுமே குரோஷியாவின் ஷுக்கர் கோல் அடித்தார். அவர் ஆஃப்சைடு ஆகாதவாறு பின்தங்கி நின்றவர் வலப்புறக் காவலரான துராமே, பிழை அவருடையது. அடுத்த நிமிடமே அவர் முன்னேறி, குரோஷியத் தலைவர் போபனிடமிருந்து பந்தைப் பறித்து, ஜோர்கயெஃப் திருப்பித் தந்த பந்தை வலைக்குள் செலுத்தினார். 70ஆம் நிமிடத்தில் இடக்காலால் இன்னொன்று. பிறகு மண்டியிட்டு, உதட்டில் விரல் வைத்து, என்ன நடந்தது என்று யோசிப்பவர்போல் அமர்ந்திருந்தார். பிரான்ஸ் 2-1 என வென்றது. நான்கு நாள் கழித்துப் பிரேசிலை 3-0 என வென்று கோப்பையையும் பெற்றது. 1994 முதல் 2008 வரை துராம் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 142. அடித்த கோல்கள் அன்றிரவின் இரண்டு மட்டுமே. ஆடவர் அணியில் அவருடைய ஆட்ட எண்ணிக்கையை 2022இல்தான் லோரிஸ் கடந்தார்.

அந்த வெற்றிக்கு இரண்டாண்டு முன்பு, 1996இல், தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென், அயலாரைக் கொண்டுவந்து பிரெஞ்சு அணி என்கிறார்கள், அவர்களில் பலர் நாட்டுப்பண்ணும் பாடுவதில்லை என்று பழித்திருந்தார். கோப்பை வந்தபின் ஊரே கொண்டாடியது. ஆயினும் புறநகர் இளைஞர்களின் நிலை மாறவில்லை. 2005இல் உள்துறை அமைச்சர் சர்கோசி அத்தகையோரைக் கயவர் கூட்டம் என்னும் பொருள்பட இகழ்ந்தபோது, தாமும் புறநகரில் வளர்ந்தவரே என்று துராம் வெளிப்படையாக மறுத்தார். 2006 செப்டம்பரில், கஷானில் இருப்பிடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைக் குடியேறிகள் சுமார் 80 பேரை அவரும் வியெராவும் பிரான்சு-இத்தாலி ஆட்டத்துக்கு விருந்தினராக அழைத்தனர்.

2008இல் மருத்துவச் சோதனையில் இதயக் கோளாறு தெரியவரவே துராம் ஆட்டத்தை விட்டார். அதே ஆண்டு இனவெறிக்கு எதிரான கல்விக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். பள்ளியில் கறுப்பின மக்களைப் பற்றி முதன்முதலாகத் தாம் கேட்டது அடிமை முறைப் பாடத்தில்தான் என்பது அவர் மனக்குறை. ஆகவே 2010இல் வெளியிட்ட நூலில் ஹெய்ட்டி விடுதலை வீரர் தூசேன் லூவெர்த்யூர், ஆப்பிரிக்க முன்னோர் வழிவந்த கவிஞர் புஷ்கின், ரோசா பார்க்ஸ் முதலியோரின் வாழ்க்கையை எழுதினார். அவர் பேச்செல்லாம் ஏற்கப்பட்டதில்லை. வெள்ளையர் தம்மை உயர்ந்தோராக எண்ணுகின்றனர் என்று 2019இல் பொதுப்படக் கூறியபோது இனவெறியை எதிர்க்கும் அமைப்பொன்றே அவரைக் கண்டித்தது. சொல்லை அளந்திருக்கலாம் என்றே நானும் கருதுகிறேன்.

2011இல் பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சியை அவர் பொறுப்பேற்று நடத்தினார். குடியேற்ற நாட்டு மக்களை ஐரோப்பியர் வேலிக்குள் நிறுத்திக் கட்டணம் வாங்கி வேடிக்கை காட்டிய வரலாறு அது. 1931இல் நியூ கலிடோனியாவின் கனாக் மக்கள் பாரிசில், நரமாமிசம் உண்போர் என்று சொல்லிக் காட்டப்பட்டனர். அவர்களுள் ஒருவர், 1998ஆம் ஆண்டு அணியில் துராமுடன் ஆடிய கிறிஸ்டியன் கரம்பேயின் முப்பாட்டனார். ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பண் இசைத்தபோதெல்லாம் கரம்பே வாய்திறவாமல் நின்றார்.