இளஞ்சிவப்புக்கு முன்னால்

ஆரம்பத்தில் குளிர்நாட்டுக்காரர்கள் காரின் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்க அதில் ஆல்கஹால் கலந்தார்கள். என்ஜின் சூடானால் அது ஆவியாகிவிடும். 1927-இல் பிரெஸ்டோன் என்ற பிராண்டு அதற்குப் பதிலாக எத்திலீன் கிளைக்காலைக் கொண்டுவந்தது. உறைபனித் தொல்லை தீர்ந்தது, துரு மட்டும் விட்டபாடில்லை.

துருவைத் தடுப்பதில்தான் வழிகள் பிரிந்தன. ஐரோப்பாவில் பல ஊர்த் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம், துருவைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் வெள்ளைப் படிவு கட்டும். அதனால் ஐரோப்பியர்கள் பாஸ்பேட்டை விட்டு சிலிக்கேட்டை நம்பினார்கள். ஜப்பானியருக்கோ கவலை வேறு: சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்த்து ஒழுகவிடும். அவர்கள் அலுமினியத்தைக் காக்கும் பாஸ்பேட்டையே பிடித்துக்கொண்டார்கள்.

இப்படித் துருத்தடுப்பும் சேர்த்த ரேடியேட்டர் திரவம்தான் கூலன்ட். ஜப்பானின் டொயோட்டாவுடைய பழைய கூலன்ட் சிவப்பு. பிறகு வந்த நீண்ட ஆயுள் வகை இளஞ்சிவப்பு. தண்ணீர் கலந்தே வரும், முதல் மாற்றம் 1,60,000 கிலோமீட்டரில். ஹோண்டாவுடையது நீலம்.

நிறம் வெறும் சாயம்தான். ஜெர்மன் கூலன்ட்டிலும் இளஞ்சிவப்பு உண்டு. ஜப்பானியக் காருக்கு வாங்குபவர் டப்பாவில் தேட வேண்டியது, சிலிக்கேட் இல்லை, பாஸ்பேட் உண்டு என்ற வரியை.