காவிரிப் படுகையில் கால்நடைக் காப்பீடு

காவிரிப் படுகையின் கால்நடைக் காப்பீடு, மாடோ எருமையோ ஆடோ இறந்துபோனால் அதன் விலையை உரியவருக்கு ஈடுகட்டும் ஏற்பாடு. உயிரோடிருக்கும் மாட்டின் வைத்தியச் செலவை அது தருவதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மாடு வளர்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

நெல் வருமானம் அறுவடைக்கு அறுவடைதான் வரும். நடுவில் உள்ள மாதங்களில் சிறு விவசாயிக்கும் நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கும் கைகொடுப்பது பால் காசு. ஒரு கறவை செத்தால் அந்த வரவு அன்றோடு நிற்கும். 2013இல் கோமாரி நோய் இப்பகுதியில் ஏராளமான மாடுகளைக் கொன்றது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலிலும் மாடுகள் மடிந்தன. அப்போது அரசு நிவாரணமாகப் பசு ஒன்றுக்கு 30,000 ரூபாயும் ஆடு ஒன்றுக்கு 3,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. அத்தகைய நிவாரணம் பேரிடருக்கு மட்டுமே உரியது. சப்பை நோயிலோ கன்று ஈனும்போதோ இறக்கும் மாட்டுக்குக் காப்பீட்டை விட்டால் வேறு வழியில்லை.

திட்டமும் தொகையும்

மத்திய அரசின் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் 2005-06இல் நாடெங்கும் 100 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. 2014-15 முதல் அது தேசிய கால்நடை இயக்கத்தின் ஒரு பகுதி. 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட மாற்றத்தின்படி பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. மாட்டின் மதிப்பு 40,000 ரூபாய், ஆண்டுப் பிரீமியம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,200 ரூபாய். வளர்ப்பவர் கையிலிருந்து போவது 180 ரூபாய்தான்.

மதிப்பை நிர்ணயிப்பவர்கள் மூவர்: மாட்டுக்காரர், கால்நடை மருத்துவர், காப்பீட்டு நிறுவனத்தின் முகவர். கறவைக்குப் பாலின் அளவே அடிப்படை. கலப்பின ஜெர்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். உம்பளாச்சேரி இனத்துக்குப் பொருந்தாது. தலைஞாயிறு அருகேயுள்ள உம்பளாச்சேரியின் பெயரைத் தாங்கிய இந்த மாடு, டெல்டாவின் ஆழச் சேற்றில் உழுவதற்கென்றே உருவான இனம். பால் குறைவு, உழைப்பு அதிகம். அதன் மதிப்பை உள்ளூர்ச் சந்தை விலையை வைத்தே எழுதவேண்டும் என்று வளர்ப்பவர் வற்புறுத்தத் தயங்கக் கூடாது.

கால்நடை இழப்பை யார் ஏற்பது என்ற கேள்வி தஞ்சைக்குப் புதிதல்ல. பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகளோ 48 பசுக்களோ 16 எருமைகளோ இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சோழர் காலக் கல்வெட்டுகளில் இப்படி விடப்பட்டவை சாவா மூவாப் பேராடுகள், அதாவது சாவும் மூப்பும் இல்லாதவை, எனப்பட்டன. ஆடு செத்தாலும் நெய்யின் அளவு குறையாது. இழப்பு முழுவதும் இடையர் தலையில். இன்றைய ஏற்பாட்டில் அந்தச் சுமை பலர் மீது பரவுகிறது. ஈடும் மாறியிருக்கிறது: அன்று ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு, இன்றைய திட்டத்தின் கணக்கில் ஒரு மாட்டுக்குச் சமம் பத்து ஆடு.

இழப்பீடு கோரும்போது

காப்பீடு செய்யும்போதே மாட்டின் காதில் எண்ணிட்ட வில்லை போடப்படும். இறந்த மாட்டை அடையாளம் காட்டுவது அந்த வில்லைதான். அது மேய்ச்சலில் அறுந்து விழுந்தால் உடனே மாட்டாஸ்பத்திரியில் சொல்லி வேறு போட்டு, புதிய எண்ணை நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மாடு இறந்தால் நிறுவனத்துக்குத் தகவல், பாலிசி, கோரிக்கைப் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகிய நான்கும் தேவை. மருத்துவர் வருமுன் புதைத்துவிடக் கூடாது. மாட்டை விற்றால் மீதமுள்ள காலத்துக்குப் பாலிசியை வாங்கியவர் பெயருக்கு மாற்றலாம்.

வைத்தியச் செலவு

பொங்கலையொட்டிச் சோற்றையும் பொங்கலையும் அளவின்றித் தின்ற மாடுகள் வயிற்றில் அமிலம் மிகுந்து விழுவது ஆண்டுதோறும் நடக்கிறது. இத்தகைய அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை ஊர்தி வரும். கோமாரித் தடுப்பூசி அரசு முகாம்களில் இலவசம். சிக்கலான நோய்களுக்கு ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருந்தகத்தில் கிடைக்காத மருந்து, மாட்டை ஏற்றிச்செல்லும் வண்டி வாடகை, பால் நின்ற நாட்களின் இழப்பு ஆகியவை மட்டும் வீட்டுக் கணக்கில் விழும். கால்நடை வளர்ப்புக்கும் தரப்படும் கிசான் கடன் அட்டை இதற்கு உதவும். கந்துவட்டிக்கு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

நாய்கள்

சிகிச்சைச் செலவைத் தரும் காப்பீடு இந்தியாவில் பெரும்பாலும் நாய்களுக்கே உள்ளது. தனியார் நிறுவனமான பஜாஜ் அலையன்ஸ் 2020இல் இத்தகைய பாலிசியைக் கொண்டுவந்தது. ஸ்வீடனில் 1924இலேயே நாய்க் காப்பீடு இருந்தது. பாலிசி எடுக்குமுன் ஏற்கனவே இருந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. தடுப்பூசி போடாத நாய்க்கு வெறிநோயோ பார்வோ வைரஸ் நோயோ வந்தாலும் அப்படித்தான். தடுப்பூசி அட்டையையும் ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சேரும்போது நாயின் வயதுக்கு உச்ச வரம்பு இருப்பதால், குட்டியாக இருக்கும்போதே பாலிசி எடுப்பது நல்லது.