குருதியை அறியும் சிறுநீரகம்: வன்னியின் நோயும் ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சியும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், நகரின் சந்தடி ஓயும் இடத்தில் நெளுக்குளத்தை அடைவர். பெயரே சொல்வதுபோல் குளத்தை நம்பிய ஊர். குளத்து நீரில் வயல் விளைந்தது. கிணற்று நீரை மக்கள் குடித்தனர். 2009ஆம் ஆண்டு இறுதிப் போரில் இடம்பெயர்ந்து வந்த மக்களைத் தங்கவைக்கச் செட்டிகுளத்தின் பெருமுகாம்கள் போதாமல், வவுனியாவின் பாடசாலைகளும் முகாம்களாக மாற்றப்பட்டன. நெளுக்குளமும் அப்போது அத்தகைய முகாம்களைக் கொண்டிருந்தது. புலம்பெயர்ந்த தமிழர் பலர் இவ்வூரின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டது அவ்வாண்டில்தான்.

இக்கட்டுரை போரைப் பற்றியதன்று. அதே காலத்தில், அதே மண்ணில், ஓசையின்றிப் பரவிய வேறொரு துன்பத்தைப் பற்றியது.

ஐம்பது வயதை அண்டிய ஒரு விவசாயியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீரிழிவு இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. முன்னர் ஒரு மூச்சில் கட்டி முடித்த வரப்பில் இப்போது இரண்டு முறை உட்காருகிறார். மாடிப்படி அல்ல, குளக்கட்டில் ஏறவே மூச்சு வாங்குகிறது. வீட்டார், "வயது போகுதுதானே" என்று ஆறுதல் சொல்கின்றனர். அயலவரோ சோம்பல் என்கின்றனர். முகம் வெளிறிப் போன பின்னரே அவர் மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே தெரிய வருவது, அவரது சிறுநீரகங்கள் ஏற்கெனவே பெரும்பகுதி செயலிழந்துவிட்டன என்பது.

இலங்கையின் உலர்வலயத்தில் இந்நோய் 1990களில் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா போன்ற பகுதிகளில் நெற்செய்கையாளர் பலர் ஒரே விதமான சிறுநீரகப் பழுதுடன் வந்தனர். வழக்கமான காரணிகளான நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அவர்களிடம் காணப்படாமையால், 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்றே அதற்குப் பெயரிட்டனர். மதவாச்சி வவுனியாவின் தெற்கு வாசல். பதவியா அதன் கிழக்குப் பக்கத்து அயல். நோய்க்கு மாகாண எல்லை தெரியாது. வவுனியா மாவட்டமும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் அந்தத் தசாப்தத்தில் இங்கே எண்ணப்பட்டவை வேறு: சோதனைச் சாவடிகள், இடப்பெயர்வுகள், சடலங்கள். களைத்துப்போன விவசாயியின் களைப்பை எண்ணுவதற்கு எவருக்கும் நேரமிருக்கவில்லை.

காரணத்தைத் தேடியோர் பலர். நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கட்மியம், ஆசனிக்கு, விவசாய இரசாயனங்கள், கொளுத்தும் வெயிலில் போதிய நீரருந்தாமல் உழைப்பது எனச் சந்தேகப் பட்டியல் நீண்டது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் இணைந்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அரசு 2015இல் கிளைபோசேற்று எனும் களைநாசினியைத் தடைசெய்து, பின்னர் அத்தடையை நீக்கியது. தனியொரு காரணம் இன்றுவரை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தொழிலாளரிடமும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதி விவசாயிகளிடமும் இதையொத்த நோய் காணப்படுகிறது என்பது ஆறுதலாகாது. நாம் தனித்துவிடப்படவில்லை என்பதை மட்டும் காட்டுகிறது.

ஆனால் இன்னொரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பழுதடைந்தது சிறுநீரகம், அப்படியாயின் குருதி ஏன் குறைகிறது? முகம் ஏன் வெளிறுகிறது? இந்த விடையைத் தேடிய பயணம் நூறாண்டுக்கும் மேலானது.

1889இல் பிரான்சுவா வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெரு நாட்டின் மலைகளில் ஏறினார். சுமார் 4,500 மீற்றர் உயரத்திலுள்ள மொரொகோச்சா என்ற சுரங்க ஊரில் தங்கித் தம் குருதியைத் தாமே சோதித்தார். லீமா நகரில் கன மில்லிமீற்றருக்கு 50 இலட்சமாக இருந்த செங்குருதிக் கலங்கள் மூன்று வாரங்களுக்குள் 80 இலட்சமாயின. ஒட்சிசன் அருகிய காற்றில் உடல் தானாகவே குருதியைப் பெருக்கிக்கொள்கிறது என்பது தெளிவாயிற்று. உடலுக்கு இதை அறிவிப்பது எது?

1906இல் பாரிஸ் நகரின் போல் கார்னோவும் அவருடைய உதவியாளர் டிஃப்லாண்டரும், குருதி இழந்த முயலின் குருதித் தெளிநீரை வேறொரு முயலுக்கு ஏற்றி, அதன் செங்குருதிக் கலங்கள் பெருகியதாக அறிவித்தனர். குருதியில் மிதந்து செல்லும் ஏதோ ஒரு தூதுப் பொருள் உண்டு என்பது அவர்கள் கருத்து. பலர் நம்பவில்லை. 1953இல் அலன் எர்ஸ்லெவ் அத்தூதை ஐயமற நிறுவினார். 1957இல் சிக்காகோவில் லியோன் ஜேக்கப்சனும் யூஜின் கோல்ட்வாசரும் எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்த்து, தூது புறப்படும் இடம் சிறுநீரகமே என்று கண்டனர். 'எரித்ரோபொயட்டின்' என்ற அப்பொருள் என்பு மச்சைக்குச் சென்று, 'செங்கலங்களை உருவாக்கு' என்று கட்டளையிடுகிறது.

சிறுநீரகம் ஏன்? இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. அவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒட்சிசனோ சிறிதளவே. ஆகவே குருதியின் தரத்தை அளந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் உடலில் இல்லை. வன்னி வாசகருக்கு இதை எளிதாகச் சொல்லலாம். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, துருசு எப்போது திறக்கப்பட வேண்டும் என்று வயற்காரருக்கு அறிவிக்கும் வட்டவிதானையார் போன்றது சிறுநீரகம்.

தூதைக் கைப்பற்ற மேலும் இருபதாண்டுகள் பிடித்தன. ஜப்பானின் குமமோட்டோவில் தக்காஜி மியாகே என்ற மருத்துவர், என்பு மச்சை வற்றிய சோகை நோயாளரின் சிறுநீர் 2,550 லீற்றரைச் சேகரித்தார். மச்சை பதிலளிக்காதபோது தூதுப் பொருள் மிகுதியாகி, சிறுநீரிலும் கழியும். அச்சிறுநீரை வற்றச்செய்து பெற்ற பொருளை அவர் பட்டுத் துணியில் பொதிந்து சிக்காகோவுக்கு எடுத்துச் சென்று கோல்ட்வாசரிடம் கொடுத்தார். அதிலிருந்து 1977இல் கிடைத்த தூய எரித்ரோபொயட்டின் சில மில்லிகிராம்களே. தைவானில் பிறந்த ஃபூ-குவென் லின் 1983இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். 1989இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக அங்கீகரித்தது. அதுவரை மாறி மாறிக் குருதி ஏற்றிக்கொண்டே உயிர்வாழ்ந்த சிறுநீரக நோயாளர்கள், ஊசி ஒன்றினால் எழுந்து நடந்தனர்.

எனினும் ஒட்சிசன் குறைந்ததைக் கலம் எவ்வாறு அறிகிறது என்பது புதிராகவே இருந்தது. கலம் என்று நான் குறிப்பது தமிழ்நாட்டார் செல் என்பதையே. இப்புதிரை ஒருவரையொருவர் சாராமல் அணுகியோர் மூவர். ஒக்ஸ்போர்டின் பீற்றர் ரட்கிளிஃப் சிறுநீரக மருத்துவர். எரித்ரோபொயட்டினே அவரை இத்துறைக்கு இழுத்தது. 1992இல் 'நேச்சர்' இதழ் அவருடைய கட்டுரை ஒன்றை ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பியது. ஆனால் ஒட்சிசனை உணரும் ஆற்றல் சிறுநீரகத்துக்கு மட்டும் உரியதன்று, ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் அது உண்டு என்பதை அவர் குழு 1993இல் காட்டியது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரெக் செமென்சா, எரித்ரோபொயட்டின் மரபணுவை முடுக்கிவிடும் புரதத்தைக் கண்டு, எச்.ஐ.எஃப் எனப் பெயரிட்டார். 1995இல் அதைத் தூய்மைப்படுத்தினார். பொஸ்ரனின் வில்லியம் கேலின் புற்றுநோய் மருத்துவர். வொன் ஹிப்பல்-லிண்டாவு என்ற பரம்பரை நோயில் தோன்றும் கட்டிகள் குருதிக் குழாய்கள் நிறைந்தவையாக, ஒட்சிசனுக்கு ஏங்குபவைபோல் நடந்துகொள்வதை அவர் கவனித்தார்.

மூன்று வழிகளும் 2001இல் ஒன்றாகக் கூடின. எச்.ஐ.எஃப் புரதம் கலத்தினுள் எப்போதும் உற்பத்தியாகிறது. ஒட்சிசன் போதுமாக இருக்கையில் எப்போதும் அழிக்கப்படுகிறது. ஒரு நொதியம், ஒட்சிசனையே பயன்படுத்தி அதன்மீது ஓர் அடையாளத்தைப் பொறிக்கிறது. வி.எச்.எல் என்ற மற்றொரு புரதம் அவ்வடையாளத்தைக் கண்டு அதைச் சிதைவுக்கு அனுப்புகிறது. ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் பொறிக்கப்படுவதில்லை. உயிர்பிழைத்த எச்.ஐ.எஃப் கலத்தின் கருவினுள் நுழைந்து, குருதியைப் பெருக்கவும் புதிய குருதிக் குழாய்களை வளர்க்கவும் குறைந்த ஒட்சிசனில் சக்தி பெறவும் வேண்டிய மரபணுக்களை விழிக்கச்செய்கிறது. 2019 ஒக்டோபர் 7ஆம் திகதி மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதனை வெளிநாட்டுச் செய்தியாகவே நம்மிற் பெரும்பாலோர் வாசித்தோம்.

அது நமது செய்தியும்தான். எரித்ரோபொயட்டினைச் சுரப்பவை சிறுநீரகத்தின் நுண்குழல்களைச் சூழ்ந்த இழையத்திலுள்ள கலங்கள். வன்னியையும் வடமத்தியையும் தாக்கும் நோய் முதலில் கைவைப்பது அந்தப் பகுதியில்தான். நுண்குருதிக் குழாய்கள் அருக, இழையம் தழும்பேறுகிறது. தழும்பேறிய இடத்தில் ஒட்சிசன் மேலும் குறைகிறது. அக்குறைவு மேலும் தழும்பை விளைவிக்கிறது. தூது அனுப்ப வேண்டிய கலங்கள், தழும்பை உண்டாக்கும் கலங்களாகவே மாறிவிடுகின்றன. வயல் வெடித்துக் கிடக்கிறது. ஆனால் நீர்மட்டம் பார்ப்பவரே நோயில் விழுந்துவிட்டார். துருசைத் திறக்கச் சொல்ல ஆளில்லை.

ஆகவே அந்த விவசாயியின் வெளிறலுக்கு இரும்புச் சத்து மாத்திரை மட்டும் முழு மருந்தாகாது. இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கக்கூடும். அதைச் சோதித்துத் தீர்த்தல் அவசியம். தூதே இல்லாதபோது தூதைத்தான் வழங்கவேண்டும். அதிலும் அளவு உண்டு. ஈமோகுளோபினை முழு இயல்பு நிலைக்கு உயர்த்த முயன்ற பெரிய ஆய்வுகள், பக்கவாதம் முதலிய ஆபத்துகள் கூடுவதை 2006, 2009ஆம் ஆண்டுகளில் எச்சரித்தன. நோபல் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த புதுவகை மாத்திரைகள் எச்.ஐ.எஃப் அழிவதைத் தடுத்து, உடலே மீண்டும் எரித்ரோபொயட்டினைச் சுரக்கத் தூண்டுகின்றன. சீனா 2018இலும், ஜப்பான் 2019இலும், அமெரிக்கா 2023இலும் இவ்வகை மாத்திரைகளை அனுமதிக்கத் தொடங்கின. வயலும் கிணறும் மட்டுமே சொத்தாகக் கொண்டவனுக்கு இவற்றின் விலையே அடுத்த கேள்வி.

மலையேறிய மருத்துவர் முதல் நோபல் மேடை வரை நீண்ட இவ்வரலாறு நமக்குச் சொல்வது ஒன்று. களைப்பு ஒரு குணக்குறை அன்று. அது உறுப்பொன்றின் மௌனமாக இருக்கலாம். இந்நோயின் தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் கழிவதில்லை என்பதால் சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாது. குருதியில் கிரியற்றினின் அளவையும் பார்க்கவேண்டும். சோதனை எளியது. அது இல்லாமையால் இழந்துபோகும் ஆண்டுகள்தாம் பெறுமதி மிக்கவை.

நெளுக்குளத்திலோ செட்டிகுளத்திலோ வயது வந்த உறவினர் ஒருவர், "முன்னைப்போல ஏலாது" என்று தொலைபேசியில் சொல்வாராயின், தொலைதேசத்திலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் அச்சொல்லைக் கடந்துபோக வேண்டாம். கடைசியாகக் குருதி சோதித்தது எப்போது என்று ஒருமுறை கேளுங்கள்.